வேர்நுனிக் கொக்கி: காவிரி டெல்டாவில் நூற்புழுவும் நீரின் காலமும்

நாற்றங்காலில் மஞ்சளித்துக் குன்றி நிற்கும் நாற்றை வேர் அறாமல் மண்ணோடு பெயர்த்தெடுத்து, வாய்க்கால் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் விரித்துப் பார்க்க வேண்டும். நல்ல வேரின் நுனி ஊசிபோல் நீண்டிருக்கும். நோயுற்ற வேரின் நுனியோ தடித்து, தூண்டில் முள்போல் வளைந்திருக்கும். மெலாய்டோகைன் கிராமினிகோலா என்னும் நெல் வேர்முடிச்சு நூற்புழுவின் அடையாளம் இந்த வளைவு. வேரை அலசாமல் இலையை மட்டும் பார்ப்பவர் சத்துக் குறை என்று எண்ணி யூரியா போட்டுவிடுவது எளிது.

மண்ணில் எத்தனை புழு இருக்கிறது என்ற எண்ணிக்கையை வைத்தே இப்புழுவின் சேதத்தை அளந்து வருகிறோம். டெல்டாவைப் பொறுத்தவரை அது போதாது என்பது என் வாதம். நெல் முளைத்த முதல் சில வாரங்களில் வேர்நுனிச் செல்களுக்கு என்ன நேர்ந்தது, அந்நாட்களில் வயலில் தண்ணீர் நின்றதா, காய்ந்ததா என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சேதத்தின் காரணம் பிடிபடும்.

புழுவைச் செல் செல்லாகப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்தது சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள, பாக்டீரியாவைத் தின்று வாழும், கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நூற்புழு அது. கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் 1960-களில் அதைத் தேர்ந்தெடுத்தார். ஜான் சல்ஸ்டன் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, ஒவ்வொரு செல்லும் எதிலிருந்து பிரிந்து எதுவாக ஆகிறது என்று கண்ணால் தொடர்ந்தார். கருவின் முழுச் செல்வழி 1983-இல் வெளியானது. இருபாலுறுப்புப் புழுவில் முடிவில் நிற்கும் உடற்செல்கள் 959; வளர்ச்சியின் போக்கில் குறித்த நேரத்தில் மடிபவை 131; நரம்புச் செல்கள் 302. ஏறத்தாழ எல்லாப் புழுவிலும் இதே கணக்கு. பிரென்னரும் சல்ஸ்டனும் ராபர்ட் ஹார்விட்சும் 2002-இல் நோபல் பரிசு பெற்றனர்.

எலிகன்ஸின் செல்வழி அதன் உடலோடு முடிந்துவிடுகிறது. நெல்லின் நூற்புழு தன் வளர்ச்சியை இன்னோர் உயிரின் செல்லில் நடத்துகிறது. இரண்டாம் பருவ இளம்புழு வேர்நுனியை ஒட்டி நுழைந்து, செல்களின் இடைவெளியில் நுனிவரை இறங்கி, அங்கே திரும்பி வேரின் மைய உருளைக்குள் ஏறுகிறது. சில செல்களைத் தேர்ந்து, ஊசிபோன்ற வாயால் குத்தித் தன் சுரப்பைச் செலுத்துகிறது. அதன்பின் அச்செல்களில் உட்கரு பிரிந்துகொண்டே போகும். குறுக்குச் சுவர் எழும்பாது. ஒரே செல்லுக்குள் பல உட்கருக்கள் திரண்டு அது இராட்சத செல்லாகிறது. சுற்றியுள்ள செல்களும் பெருகிப் புடைக்க, நாம் காணும் முடிச்சு உருவாகிறது. செடிக்குப் போக வேண்டிய உணவு அந்த நான்கைந்து செல்களின் வழியே புழுவுக்குப் போகிறது.

அதற்குப் புழு கொடுக்கும் விலையும் பெரிது. தின்னத் தொடங்கியதும் அதன் உடற்சுவர்த் தசைகள் நலிகின்றன. நகரும் ஆற்றல் போய்விடுகிறது. அந்தச் செல்கள் பட்டுப்போனால் அதுவும் சாகும். வேர்முடிச்சு இனங்கள் பலவற்றில், உணவு குறைந்தால் பெண்ணாக வேண்டிய இளம்புழு ஆணாகிவிடுகிறது. எலிகன்ஸின் பாலைக் குரோமோசோம் தீர்மானிக்க, இவற்றின் பாலைப் பெரிதும் வேரின் நிலையே தீர்மானிக்கிறது.

இனி தண்ணீருக்கு வருவோம். தண்ணீர் நிற்கும் சேற்றில் இளம்புழுவால் புது வேரில் நுழைய முடிவதில்லை. ஆனால் நுழைந்துவிட்ட புழுவைத் தண்ணீர் கொல்வதும் இல்லை. பெண்புழு வேருக்குள்ளேயே முட்டையிடுகிறது. பொரிந்த குஞ்சுகள் வெளியே வராமல் அதே வேரில் பக்கத்துத் திசுவைப் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே தொடக்கத்திலேயே நிற்கும் தண்ணீர் பயிருக்குக் காவல். பிந்தி வரும் தண்ணீர், புழு வீட்டுக்குள் புகுந்தபின் சாத்திய கதவு.

டெல்டாவுக்குத் தண்ணீர் தரும் மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்த நாள் தவறியது. தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதபோது கடைமடை உழவர் சேற்றுழவையும் நடவையும் விட்டு, புழுதியில் நேரடியாக விதைக்கிறார். மழை பெய்து முளைத்த பயிர் பல வாரம் காய்ந்தும் நனைந்தும் கிடக்கிறது. இப்புழு முட்டையிலிருந்து முட்டைவரை ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ மூன்று, நான்கு வாரம் போதும். முறைத்தண்ணீர் வந்து சேரும்போது வேரில் இரண்டாம் தலைமுறை ஏறியிருக்கக்கூடும். மண்ணில் ஒரே அளவு புழு இருந்தும், மடையோரத்து நடவு வயல் தப்பி, கடைமடைப் புழுதி வயல் குன்றுவதற்கு இது போதிய விளக்கம் என்று கருதுகிறேன்.

எப்போதும் தண்ணீர் நின்றால் தீர்ந்தது என்றும் சொல்ல முடியாது. ஜாவாவில் 1902-இலேயே விவரிக்கப்பட்ட ஹிர்ஷ்மானியெல்லா ஒரைசே என்னும் நெல் வேர் நூற்புழு, நின்ற தண்ணீரில்தான் செழிக்கும். அது இராட்சத செல்லை உண்டாக்குவதில்லை. வேரின் புறணியைக் குடைந்து தின்றபடி நகர்கிறது. மணிலா அகத்தியின் வேரில் அது நுழைந்தாலும் பெருகாது. தழையுரமாக நாம் மடக்கி உழும் செடி அந்தப் புழுவுக்குப் பொறியாகவும் நிற்கிறது. குருணை மருந்துக்கு இரண்டும் புழுதான். செல்லளவில் அவை இரு வேறு நோய்கள். ஒன்றைத் தடுக்கும் நீர்முறை மற்றதைத் தடுக்காது.

எலிகன்ஸ் ஆய்வு நமக்கு இன்னொன்றையும் தந்தது. இரட்டை இழை ஆர்என்ஏவால் மரபணுவை அடக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஃபயரும் மெல்லோவும் 1998-இல் காட்டியது அந்தப் புழுவில்தான். 2006-இல் அதே வழியில், வேர்முடிச்சு நூற்புழுவின் சுரப்பு மரபணு ஒன்றை அடக்கும் அரபிடாப்சிஸ் செடி உருவாக்கப்பட்டு, முடிச்சுகள் குறைந்தன. நெல்லுக்கு இவ்வழி பயன்பட வேண்டுமானால், சேற்றிலும் புழுதியிலும் இராட்சத செல் உருவாகும் வேகம் எப்படி மாறுகிறது என்பது முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஏற்ற இடம் டெல்டாவிலுள்ள ஆடுதுறை. 1922 முதல் நெல்லாராய்ச்சி நடக்கும் ஊர். குறுவை, சம்பா, தாளடி மூன்றும் சுற்றிலும் விளைகின்றன. ஒரே ரகம், ஒரே விதைப்பு நாள்; தண்ணீர் கட்டும் நாள் மட்டும் வாரம் வாரமாகத் தள்ளிப்போக வேண்டும். பத்தாம் நாள், இருபதாம் நாள், முப்பதாம் நாள் வேரை எடுத்து, அமில ஃபுக்சின் சாயத்தில் கொதிக்கவைத்து, சிவந்து தெரியும் புழுக்களையும் அவற்றைச் சுற்றிய செல்களையும் எண்ண வேண்டும். கைக்கு எட்டும் வேலைதான். முறைத்தண்ணீர் எத்தனை நாள் பிந்தலாம் என்று கடைமடை உழவர் கேட்கும் கேள்விக்கு அந்த எண்களிலிருந்துதான் விடை சொல்ல முடியும்.