பூம்புகார் ஆழ்கடல் அகழாய்வு அகழ்வைப்பகம்

மயிலாடுதுறை மாவட்டம், சீர்காழி வட்டம், பூம்புகாரில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகம். 1997இல் திறக்கப்பட்டது. சங்ககாலச் சோழர் துறைமுகமான காவிரிப்பூம்பட்டினத்தின் நிலத்தடி, நீரடித் தடயங்களைக் காப்பது இதன் பணி.

திருவையாற்றில் படித்துறை நிறைய ஓடும் காவிரி, கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்று இங்கே கடலில் கலக்கிறது. வழியெங்கும் வயல்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, முகத்துவாரத்தில் வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கிவிடுகிறது. இந்த ஆற்றுக்குள் கப்பல்கள் வந்து நின்றன என்பதை இன்று பார்ப்பவர் நம்புவது கடினம். ஆனால் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை கடல்வழி வந்த குதிரைகளையும், மிளகு மூட்டைகளையும், சுங்கச்சாவடியில் புலி முத்திரை பெற்ற பண்டப் பொதிகளையும் காட்டுகிறது. கிரேக்க அறிஞர் தாலமி இத்துறைமுகத்தைக் ‘கபேரிஸ்’ என்று குறித்தார்.

பாட்டுக்கு மண்ணில் சான்று தேடும் வேலையை 1960களில் இந்தியத் தொல்லியல் துறை தொடங்கியது. கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை மேடை வெளிப்பட்டது. படகு கட்ட நட்டிருந்த மரக்கம்பங்களும் கிடைத்தன. கரிமக் கணிப்பு அந்த மரத்தின் காலத்தைக் கி.மு. 4-3ஆம் நூற்றாண்டு வாக்கில் வைத்தது. பூம்புகார் வெறும் காவியக் கற்பனை அன்று என்பதற்கு இதைவிட உறுதியான சான்று வேறில்லை. வானகிரியில் ஒரு நீர்த்தேக்கமும் பல்லவனேச்சுரத்தில் புத்த விகாரமும் புத்தர் பாதப் பலகையும் கண்டெடுக்கப்பட்டன.

அடுத்த கட்டம் கடலுக்குள். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் மாநிலத் தொல்லியல் துறையும் இணைந்து மூழ்காளர்களை இறக்கின. 1990களின் தொடக்கத்தில், கரையிலிருந்து சுமார் 5 கி.மீ. தொலைவில், 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவ அமைப்பு ஒன்று தென்பட்டது. அதைப் பல்லாயிரம் ஆண்டுப் பழைய நகரமாகச் சிலர் கொண்டாடினர். அது மனிதர் கட்டியதுதான் என்று நிறுவப் போதிய சான்று இன்னும் இல்லை. பூம்புகாரின் பெருமைக்கு அது தேவையும் இல்லை.

இதைவிடத் தெளிவாகப் பேசுவது அதே கடற்பகுதியில் கிடைத்த ஓர் உடைந்த கப்பல். அதிலிருந்த ஈயக் கட்டிகளில் ‘டபிள்யூ. பிளாக்கெட்’ என்ற பெயரும் 1791, 1792 ஆகிய ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பட்டினம் அழிந்து நூற்றாண்டுகள் கடந்தும் இக்கடல்வழி வணிகம் ஓயவில்லை என்பதை அவை உணர்த்துகின்றன. அகழ்வைப்பகத்தில் முதலில் பார்க்க வேண்டியவை அவையே.

நகரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. கரையரிப்பும் கரைக்கோட்டின் நகர்வும் முக்கியக் காரணங்கள் என்பது ஆய்வாளர் முடிவு. அரிப்பு இன்றும் நிற்கவில்லை.

பூம்புகாரிலேயே 1973இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்குச் செல்வோரில் பலர் இங்கே எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். பூம்புகார் செல்பவர்கள் இந்த அகழ்வைப்பகத்தையும் கீழையூர்ப் படகுத்துறையையும் பார்க்காமல் ஊர் திரும்ப வேண்டாம்.