கொச்சினீல் பூச்சி

சப்பாத்திக்கள்ளியின் சாற்றை உறிஞ்சி வாழும் செதில் பூச்சி. தாயகம் அமெரிக்கக் கண்டம். மடலில் சுண்ணாம்பு தெறித்ததுபோல் ஒட்டியிருக்கும் வெண்மெழுகுப் பொடியை விலக்கி நசுக்கினால் விரலெல்லாம் குருதிச் சிவப்பாகும். அந்தச் சிவப்பைத் தருவது கார்மினிக் அமிலம். உலர்ந்த பெண் பூச்சியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதுவே. இறக்கை முளைத்த ஆண் பூச்சியால் சாயத்துக்குப் பயனில்லை. ஒரு கிலோ சரக்குக்கு ஏறக்குறைய 1,50,000 பூச்சிகள் வேண்டும். படிகாரம் சேர்த்தால் கருஞ்சிவப்பு, வெள்ளீய உப்பு சேர்த்தால் பளிச்சென்ற செந்நிறம். எலுமிச்சைச் சாறு பட்டால் ஆரஞ்சுக்கு மாறும்.

மெக்சிகோவின் ஒஹாகா பகுதி மக்கள் இதை வளர்த்துப் பழகியவர்கள். அவர்களை ஆண்ட ஸ்பெயின், வளர்ப்பு முறையை இரகசியமாகக் காத்தது. இதை விதை என்றே நம்பிய ஐரோப்பியர் பலர். 1777இல் தியெரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் பூச்சியைக் கள்ளியோடு கடத்திச் சென்றார்.

சென்னைக்கும் இதில் பங்குண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் போட்டார். 1795இல் இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ தரம் குறைந்த காட்டு இனம். சாயத்தில் தோற்ற அது, பின்னாளில் தென்னிந்தியாவில் களையாக மண்டிய ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அந்த வகையில் வெற்றிதான்.

இன்று பெரு நாடே முதன்மை உற்பத்தியாளர். உணவுப் பொட்டலத்தில் ‘இ120’ என்றிருந்தால் அது இந்தச் சாயம். சைவ உணவினர் பார்த்து வாங்கவும்.