கடைசிப் பக்கத்திலிருந்து படித்தவர்கள்

பத்திரிகையைக் கையில் வாங்கியதும் பின்பக்கத்திலிருந்து புரட்டும் வாசகர்கள் தமிழில் ஒரு காலத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் வாங்கியது கணையாழி. தேடியது அதன் கடைசிப் பக்கம். அந்த மாதம் எழுத்தாளர் சுஜாதா எதைப் படித்தார், எதைப் பார்த்தார், எது அவருக்குப் பிடித்தது என்று தெரிந்துகொண்ட பிறகே கதைக்கும் கட்டுரைக்கும் வருவார்கள்.

ரசித்ததை வாசகரோடு பகிர்ந்துகொள்வது தமிழ்ப் பத்திரிகைக்குப் புதிதல்ல. 1930களில் கல்கி ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் 'ஆடல் பாடல்' பகுதி எழுதினார். கச்சேரிக்குப் போகாதவர்கள்கூட அதைப் படித்துவிட்டுப் பாடகர்களைப் பற்றி விவாதித்தார்கள். ஆனால் கல்கியின் களம் பெரும்பாலும் சபாவும் கொட்டகையும்தான். கண்ணில் பட்ட எதையும் எழுதலாம் என்ற சுதந்திரம் கணையாழியின் கடைசிப் பக்கத்துக்குத்தான் முழுதாக வாய்த்தது.

1965இல் டெல்லியில் அந்த மாத இதழைத் தொடங்கியவர் கி. கஸ்தூரிரங்கன். நியூயார்க் டைம்ஸின் டெல்லி நிருபராக இருந்தவர். பிறகு சென்னையில் அசோகமித்திரன் பல ஆண்டுகள் இதழின் பொறுப்பைச் சுமந்தார். விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்த எஸ். ரங்கராஜன், குமுதத்தில் எழுதியபோது சுஜாதா என்ற மனைவியின் பெயரைப் புனைபெயராக எடுத்துக்கொண்டிருந்தார். கணையாழிக்கு மட்டும் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்று கையெழுத்திட்டார். குமுதத்தில் தொடர்கதைக்காக லட்சக்கணக்கானவர்கள் காத்திருந்த காலத்திலும் இந்தச் சிறு பத்திரிகையை அவர் விடவில்லை. அவருடைய எழுத்து வாழ்க்கையில் மிகவும் மதிக்கத்தக்க காரியங்களில் இது ஒன்று.

அந்தப் பக்கத்தில் எதற்கும் தனி வரிசை கிடையாது. ஏதோ சிற்றிதழில் வந்த நாலு வரிக் கவிதை, ஓர் ஆங்கிலப் புத்தகம், அப்போது வந்த சினிமா, ஆழ்வார் பாசுரம், அறிவியல் செய்தி, ஆபீஸ் அனுபவம் எல்லாம் அடுத்தடுத்து வரும். ஒன்றைப் பற்றிப் பத்து வரிக்கு மேல் போனால் அதிகம். பிடித்தது என்றால் ஏன் பிடித்தது என்று ஒரு வாக்கியம் இருக்கும். பிடிக்காததையும் பெயர் சொல்லி எழுதுவார். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. கோட்பாடு பேசிய நீண்ட விமர்சனங்களைவிட இந்தக் குறிப்புகளே அதிகம் பேரைப் புதுக்கவிதைக்கு இழுத்து வந்தன என்று துணிந்து சொல்லலாம். ஒரு கவிதையை முழுசாக எடுத்துப் போட்டு, கீழே கவிஞரின் பெயரைப் போட்டுவிட்டால் போதும், அடுத்த மாதம் அந்தப் பெயர் பத்து ஊர்களில் பேசப்படும்.

இந்த ரசனை காகிதத்தோடு நிற்கவில்லை. 1990களில் கணையாழி விழா ஒன்றில் சுஜாதா ஓர் இளைஞரின் கவிதையை மேடையில் வாசித்தார். வருடத்துக்கு ஒரு முறை வீட்டுக் கிணற்றில் தூர் வாருகிற நாளைப் பற்றிய கவிதை. சேற்றோடு சேர்ந்து கொட்டாங்குச்சியும், கோலியும், கரண்டியும் மேலே வருகின்றன. வேலைக்காரி மேல் பழி விழக் காரணமான வெள்ளி டம்ளரும் அதோடு வருகிறது. பிள்ளைகளுக்கு அன்று கொண்டாட்டம். பொருள்களின் பட்டியலாக நகரும் கவிதை, முடிவில் சட்டென்று அம்மாவின் மனசுக்குள் படிந்து கிடக்கும் தூரைத் தொட்டுவிடுகிறது. எழுதியவர் நா. முத்துக்குமார். அப்போது அவரைத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். பின்னாளில் திரைப்பாட்டுக்காக இரண்டு முறை தேசிய விருது வாங்கினார். விருது வாங்கிய பாட்டுகளைவிட இந்தக் கிணறுதான் அவருடைய ஆகச்சிறந்த படைப்பு என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஆனந்த விகடனில் 'கற்றதும் பெற்றதும்' எழுதியபோது அதே பழக்கம் வார இதழின் பெருங்கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வெண்பாவும் ஹைக்கூவும் கணிதப் புதிரும் டீக்கடையில் புரட்டப்படும் பத்திரிகைக்குள் வந்தன. மாதம் ஒரு பக்கமாக இருந்தபோது இருந்த அடர்த்தி வாரா வாரம் எழுதியதில் கொஞ்சம் தளர்ந்தது உண்மை. ஆனாலும் புதுக் கவிஞர்களுக்கு அவர் திறந்து வைத்த கதவு மூடப்படவில்லை.

2008 பிப்ரவரி 27 அன்று சுஜாதா காலமானார். 1965 முதல் 1998 வரையிலான கடைசிப் பக்கங்களைப் புத்தகமாக்கியது உயிர்மை பதிப்பகம். அதை நடத்தும் மனுஷ்ய புத்திரனும் சுஜாதா முன்னால் நிறுத்திய கவிஞர்களில் ஒருவர். தேதியோடு வரிசையாகப் படித்துக்கொண்டு போனால், டெல்லியில் விமானத் துறை உத்தியோகம், பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1993இல் ஓய்வு, சென்னை வாசம் என்று ஒரு இன்ஜினியரின் முப்பத்துச் சொச்சம் வருடங்கள், அவர் ரசித்தவற்றின் வழியாகவே நகர்கின்றன.