பரண் மேல் கிடாரும் புரச மரத்து அரக்கும்

போன போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது சித்தப்பாவின் கிடாரைப் பரணிலிருந்து இறக்கினேன். எழுபதுகளின் கடைசியில் கல்கத்தாவிலிருந்து யாரோ நண்பர் வாங்கி வந்தது. ஏதோ ஒரு சின்னப் பட்டறையில் செய்தது, பெயர்ச்சீட்டுகூட இல்லை. சித்தப்பா பகலில் துறைமுகத்தில் வேலை பார்த்தார், ராத்திரியில் ராயபுரம் பக்கம் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தார். அம்மன் கோயில் ஆடித் திருவிழா, சர்ச் பெருநாள், கல்யாண வரவேற்பு என்று அந்தக் கிடார் போகாத தெரு வடசென்னையில் குறைவு. அவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. கம்பியெல்லாம் துரு. முகப்புப் பலகை கறுத்து, தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது.

என் பிழைப்பு சாப்ட்வேர். லாக்டவுனில் மொட்டை மாடியில் ஆரம்பித்த மரவேலைப் பைத்தியம் இன்னும் விடவில்லை. இதுவரை செய்தது இரண்டு புத்தக அலமாரி, ஒரு ஸ்டூல், ஆடுகிற முக்காலி ஒன்று. இந்தத் தகுதியோடு ஒரு கிடாருக்குப் புது மெருகு கொடுக்கலாம் என்று கிளம்பினேன். நான் பார்த்த வெளிநாட்டு வீடியோக்களில் எல்லாரும் முதலில் பழைய பூச்சைத் தேய்த்து எடுத்தார்கள். நானும் 120 நம்பர் உப்புத்தாளை எடுத்து, வலது கைப்பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

கால்வாசி தேய்த்திருப்பேன். கீழ் வீட்டுக் கட்டிலுக்கு பாலிஷ் போட வந்திருந்த பாய், துணி காயப்போட மாடிக்கு வந்தவர் நின்று பார்த்தார்.

“இன்னா சார், தோல உரிச்சிக்கினு இருக்கீங்க?”

நான் விளக்கினேன். அவர் கேட்கவில்லை. தேய்த்த தூளை விரலில் எடுத்து மோந்து பார்த்தார். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, கழுத்தும் உடம்பும் சேரும் மறைவான இடத்தில் ஒரு ஒத்து ஒத்தினார். பஞ்சு செம்பழுப்பாக மாறியது, அந்த இடம் விரலில் ஒட்டியது.

“இது டூகோ இல்ல சார், அரக்கு. இத தேய்க்கவே கூடாது. ஸ்பிரிட் காட்டுனா அதுவா எந்திரிச்சி அதுவா உக்காரும்.”

இந்த ஒரு வரிதான் இந்தப் பதிவுக்குக் காரணம். அன்றிரவே தேட ஆரம்பித்தேன்.

நம் ஆட்கள் பிரெஞ்சு பாலிஷ் என்று சொல்வதில் பிரெஞ்சு என்பது பூசுகிற முறை மட்டும்தான். சரக்கு முழுக்க நம்முடையது. கெரியா லாக்கா என்ற குட்டிப் பூச்சி மரக்கிளையில் கூட்டமாக உட்கார்ந்து, சாற்றை உறிஞ்சி, தன்னைச் சுற்றிப் பிசினால் கூடு கட்டிக்கொள்கிறது. அந்தக் கிளையை வெட்டிச் சுரண்டினால் குச்சி அரக்கு. இடித்துக் கழுவி, நீளமான துணிப்பையில் போட்டு நெருப்பில் காட்டி முறுக்கினால் உருகி வெளியே வரும். அதைச் சூட்டோடு கையாலும் காலாலும் பல்லாலும் பிடித்து இழுத்து மெல்லிய தகடாக்குவார்கள். ஆறியதும் நொறுக்கினால் அவல் மாதிரி இருக்கும். அதனால்தான் தமிழில் அதற்கு அவலரக்கு என்று பேர். கடிதத்துக்கு முத்திரை வைத்ததும் துரியோதனன் மாளிகை கட்டியதும் அரக்கில்தான், பட்டுப்புடவைக் கடையில் இன்றும் கேட்கிற ‘அரக்குக் கலரு’ம் இதிலிருந்து வந்ததுதான்.

இந்தப் பூச்சி எல்லா மரத்திலும் உட்காராது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் முக்கியமாக மூன்று மரங்களில் வளர்க்கிறார்கள்: குசும், இலந்தை, பலாசு. பலாசு என்றால் நம் புரசு. யானைக்கவுனியிலிருந்து சூளை வழியாக நடந்தாலே வந்துவிடுகிற புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம் அது. கங்காதீசுவரர் கோயிலின் தலமரமும் அதுதான். இங்கே அரக்கு விளைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தினமும் பஸ் போர்டில் படித்த பெயரும் சித்தப்பா கிடாரின் மேல்தோலும் ஒரே மரத்தில் சந்திப்பதைப் பார்த்தபோது லேப்டாப்பை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஐரோப்பியர்கள் இதை எப்போது பார்த்தார்கள்? 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், 1596இல் வெளிவந்த தன் பயண நூலில், நம் கடைசல்காரர்கள் சுழலும் மரத்தின் மேல் அரக்குக் கட்டியை அழுத்திப் பளபளப்பு ஏற்றுவதை எழுதியிருக்கிறார். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானுக்கு நிறம் ஏறுவதும் இப்படித்தான். கம்பெனி காலத்தில் அரக்கின் சிவப்புச் சாயத்துக்குத்தான் மதிப்பு அதிகம். செயற்கைச் சாயம் வந்து அந்த வியாபாரத்தைப் படுக்க வைத்தது. பிசின் மட்டும் பிழைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய மேஜை நாற்காலிகள், ஸ்பெயினில் இன்றைய கிளாசிக்கல் கிடாருக்கு உருவம் கொடுத்த அந்தோனியோ தே தோரஸின் கிடார்கள் என்று எல்லாவற்றுக்கும் அதே பூச்சு. சாராயத்தில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தில் தொட்டுத் தொட்டு, காகிதத்தைவிட மெல்லிய படலங்களாக ஏற்றுவார்கள். படலம் மெல்லிசாக இருந்தால் முகப்புப் பலகை தாராளமாக அதிரும். பூச்சு தடிமனானால் கிடார் கம்பளி போர்த்திக்கொண்டு பாடுகிற மாதிரி ஆகிவிடும். இசைத்தட்டும் அரக்குதான். 1908இல் கல்கத்தாவில் தட்டு அச்சடிக்கும் ஆலை வந்ததற்கு, பக்கத்திலேயே கிடைத்த இந்தச் சரக்கும் ஒரு வசதி.

சரி, பாய் சொன்ன டூகோ என்ன? நம் ஊரில் கார் பெயின்டரிலிருந்து பீரோ பெயின்டர் வரை ஸ்பிரேயில் அடிப்பதெல்லாம் டூகோதான். உண்மையில் அது ஒரு வியாபாரப் பெயர். முதல் உலகப்போர் முடிந்தபின், அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனி 1923இல் கொண்டுவந்த கார் பெயின்ட். பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் வரும் நைட்ரோசெல்லுலோஸ்தான் அதன் அடிப்படை. அதே பொருள்தான் புகையில்லா வெடிமருந்துக்கும் அடிப்படை. நம் நீலகிரியில் அருவங்காட்டில் 1904இல் வந்த கார்டைட் ஆலையின் சரக்கும் அதே குடும்பம். காய நாள்கணக்கில் காத்திருந்த கார்கள் சில மணி நேரத்தில் காய்ந்தன. 1920களின் நடுவிலேயே அமெரிக்கக் கிடார் கம்பெனிகளும் துணிப்பந்தைக் கீழே போட்டுவிட்டு ஸ்பிரே துப்பாக்கியைத் தூக்கின. கைவேலை நேரம் மிச்சம், அவ்வளவுதான் கணக்கு.

அந்தக் கிடார்களுக்கு நாம் வேறொன்றும் கொடுத்திருக்கிறோம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும், அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதுதான் நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் தோதகத்தி, ஈட்டி என்றும் சொல்வோம். இந்த மரச் சாதி முழுவதையும் 2017 ஜனவரியில் சைட்டீஸ் உடன்படிக்கை கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தபோது, கிடாரோடு விமானம் ஏறுகிறவர்களுக்குக்கூடத் தலைவலி. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில்தான் விலக்கு வந்தது.

அடுத்த வாரம் பாயிடம், நானே வால்டாக்ஸ் ரோட்டில் சாமான் வாங்கி வருகிறேன் என்றேன். சிரித்தார். அவலரக்கு கிடைத்தது. ஸ்பிரிட்டுக்குக் கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காரணம் பழசு. 1937இல் சேலத்தில் ராஜாஜி ஆரம்பித்த மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுக்க வந்தபின், ஆட்கள் ஸ்பிரிட்டையும் வார்னிஷையும் குடிக்கத் துணிந்தார்கள். டீநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால் இரண்டோடும் சேர்த்து வார்னிஷுக்கும், அதாவது பிரெஞ்சு பாலிஷுக்கும், 1959இல் தனி விதிகளே போட்டார்கள். விதியின் தலைப்பிலேயே பிரெஞ்சு பாலிஷ் இருக்கிறது! மர பாலிஷுக்குச் சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு நாற்காலி கிடைத்த ஊர் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. பாய் தன் வழக்கமான கடையில் சொல்லி, முறைப்படி வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு பழைய வாத்தியம் கிடந்தால், தேய்க்கும் முன்னால் மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பாருங்கள். இளகினால் அரக்கு. அதற்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் நைட்ரோசெல்லுலோஸ். இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பாலியெஸ்டரோ பி.யூ.வோ, அதை உரிப்பது பெரிய வேலை. அரக்கின் குணமே தனி: புதுப் படலம் பழைய படலத்தை இளக்கி அதோடு கலந்துவிடும். நூறு வருஷம் கழித்தும் ஒட்டுப்போட்டதே தெரியாமல் சரிசெய்யலாம். தண்ணீரும் மழைக்கால ஈரமும்தான் எதிரி, வெள்ளையாகப் பூத்துவிடும்.

நான்கு நாள் பாய் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். நான் உப்புத்தாள் வைக்காத முக்கால்வாசிக்கு ஸ்பிரிட்டும் ஒரு துளி எண்ணெயும் போதுமாக இருந்தது. கறுப்பு இறங்கி, தேன் நிறம் மேலே வந்தது. பிசுபிசுப்பும் போயிற்று. கம்பித் துளையைச் சுற்றி சித்தப்பாவின் நகக்கீறல்கள் அப்படியே பளபளத்தன. நான் தேய்த்த கால்வாசியில் பத்துப் பதினைந்து படலம் ஏற்றியும் நிறம் ஒரு மாற்றுக் குறைவுதான். வெயில் பட்டால் ஒத்துவரும் என்கிறார் பாய்.

சித்தியை அழைத்து வந்து காட்டினேன். மடியில் வைத்துக்கொண்டார். வலது முழங்கையை மேல் விளிம்பில் வைத்து, புதுசாகப் பளபளத்த அந்த இடத்தைத் தடவினார்.

“இங்க கை வச்சி வச்சி வெள்ளையா தேஞ்சிருக்குமே. அது எங்கப்பா?”