கடனில் பிறந்த ஒளி: கேமரன் மலை நீர்மின் திட்டத்தின் வரலாறு

ஒரு நாடு விடுதலை பெற்ற அன்றே அதன் வறுமையும் விடைபெற்றுச் சென்றுவிடுவதில்லை. கொடி மாறலாம், நாட்டுப்பண் மாறலாம். ஆனால், ஆலைகள் இயங்கவும், மருத்துவமனைகளில் விளக்கெரியவும், வயல்களுக்கு நீர் பாயவும் வேண்டிய மின்னாற்றலை விடுதலைப் பிரகடனம் தந்துவிடாது. அதற்கு அணை வேண்டும், சுழலிகள் வேண்டும், இவற்றுக்கெல்லாம் முதலாகப் பெரும்பணம் வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் விடுதலை பெற்ற நாடுகள் பலவும் எதிர்கொண்ட முதற்பெருஞ் சிக்கல் இதுவே. அச்சிக்கலைத் தீர்க்க முன்வந்தவை வளர்ச்சி வங்கிகள். அவை தந்த உதவி எத்தகையது, அதன் பயனும் விலையும் யாவை என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கேமரன் மலையின் வரலாறே அதற்குத் தக்க சான்றாகும்.

வங்கியின் தோற்றம்

1944ஆம் ஆண்டு சூலைத் திங்களில், அமெரிக்காவின் பிரெட்டன் வுட்சு என்னுமிடத்தில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடினர். அம்மாநாட்டின் விளைவாக உருவான நிறுவனங்களுள் ஒன்றே இன்று உலக வங்கி என வழங்கப்பெறுவது. போரால் சிதைந்த ஐரோப்பாவைச் சீரமைப்பதே அதன் தொடக்க காலப் பணி. 1947இல் பிரான்சு நாட்டிற்கு வழங்கப்பெற்ற 25 கோடி டாலரே அதன் முதற்கடன். எனினும், அடுத்த ஆண்டே அதன் பார்வை வளரும் நாடுகளின் பக்கம் திரும்பியது. 1948 மார்ச்சுத் திங்களில் தென்னமெரிக்காவின் சிலி நாடு, நீர்மின் திட்டங்களுக்காக 1 கோடியே 35 இலட்சம் டாலர் கடன் பெற்றது. வளரும் நாடொன்றுக்கு அவ்வங்கி வழங்கிய முதற்கடன் மின்சாரத்திற்கே அமைந்தது என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத் தக்கது. 1950இல் இந்தியாவின் தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்திற்கும், 1956இல் ஆப்பிரிக்காவின் கரீபா அணைக்கும் கடன்கள் தொடர்ந்தன.

இவ்வங்கி தன் பணத்தை எங்கிருந்து பெறுகிறது? உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றும் தம் பங்குத் தொகையில் ஒரு சிறு பகுதியை மட்டுமே ரொக்கமாகச் செலுத்துகின்றன. எஞ்சியது, தேவை நேரின் தருவதாக அளிக்கப்பெற்ற உறுதிமொழியே ஆகும். அவ்வுறுதிமொழியைப் பிணையாகக் கொண்டு வங்கி தன் கடன் பத்திரங்களை உலகப் பணச் சந்தைகளில் விற்கிறது. நூற்றெண்பதுக்கு மேற்பட்ட நாடுகளின் பிணை இருப்பதால் அதற்குக் குறைந்த வட்டியில் பணம் கிடைக்கிறது. அதன்மேல் சிறிதளவு கூட்டி, நெடுங்காலத் தவணையில் வளரும் நாடுகளுக்கு வழங்குகிறது. தனியே சந்தைக்குச் சென்றால் ஏறெடுத்தும் பார்க்கப்படாத ஏழை நாடு, பலர் சேர்ந்த கூட்டத்தின் நற்பெயரால் கடன் பெறுகிறது. ஊரார் கூடிச் சீட்டுப் பிடிப்பதற்கும் இதற்கும் அடிப்படையில் ஓர் ஒற்றுமை உண்டு. நம்பிக்கையே இரண்டிற்கும் முதல்.

மலாயாவின் மின்சாரத் தேவை

மலாயாவில் மின்சாரம் முதன்முதல் வந்தது குடிமக்களின் இல்லங்களுக்கு அன்று, ஈயச் சுரங்கங்களுக்கே. பேராக்கில் 1930இல் இயங்கத் தொடங்கிய செண்டரோ அணையும் கிந்தாப் பள்ளத்தாக்கின் சுரங்கத் தொழிலை நம்பி எழுந்ததே. போருக்குப் பின், 1949 செப்டம்பர் முதல் நாளன்று மத்திய மின்சார வாரியம் தோன்றியது. கிள்ளானுக்கு அருகில் கன்னாட் பாலம் மின்நிலையம் 1953இல் திறக்கப்பட்டது. எனினும், வளர்ந்துவரும் தேவைக்கு அது போதவில்லை. நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்துப் பெறும் மின்சாரத்தின் செலவும் மிகுதி. மழை வளம் மிக்க மலைகளைக் கொண்ட நாட்டில், வீணே கடலில் கலக்கும் ஆற்று நீரைப் பயன்படுத்தினால் என்ன என்ற எண்ணம் வலுப்பெற்றது.

பகாங்கின் மேற்கு எல்லையிலமைந்த கேமரன் மலையில் தெலோம், பெர்த்தாம் முதலிய ஆறுகள் தோன்றுகின்றன. இயற்கை அவற்றைக் கிழக்கு நோக்கி ஓடச் செய்தது. பொறியியல் அறிஞர்களோ அவற்றை மேற்கு நோக்கித் திருப்பத் திட்டமிட்டனர். மலையைக் குடைந்து சுரங்க வழி அமைத்துத் தெலோம் ஆற்று நீரைப் பெர்த்தாம் ஆற்றில் சேர்ப்பது; ரிங்லெட் அருகே அணை கட்டி அந்நீரைத் தேக்குவது; மீண்டும் சுரங்க வழியே மலைச்சரிவில் 500 மீட்டருக்கும் மேற்பட்ட வீழ்ச்சியில் இறக்கி, பேராக் மாநிலத்தின் சோர் என்னுமிடத்தில் நிலத்தடியில் அமைந்த மின்நிலையத்தின் சுழலிகளைச் சுழலச் செய்வது. தென்சீனக் கடலுக்குச் செல்ல வேண்டிய நீர் மலாக்கா நீரிணையை வந்தடையும்! துணிவுமிக்க இத்திட்டத்தைத் தீட்ட அறிவு இருந்தது. நிறைவேற்றப் பணந்தான் வேண்டியிருந்தது.

கடனும் கட்டுப்பாடும்

1957 ஆகஸ்டு 31இல் விடுதலை பெற்ற மலாயா, 1958 மார்ச்சில் உலக வங்கியில் உறுப்பியம் பெற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள், மத்திய மின்சார வாரியத்திற்கு 3 கோடியே 56 இலட்சம் டாலர் கடன் வழங்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. விடுதலை பெற்று ஓராண்டே நிரம்பிய நாடு பெற்ற முதல் உலக வங்கிக் கடன் இது.

அக்காலத்தில் வங்கி கடைப்பிடித்த நெறிமுறைகள் கண்டிப்பானவை. கடன் பெறுவது வாரியமாயினும் நாட்டின் அரசு அதற்குப் பிணை நிற்றல் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வாங்கும் பொறிகளுக்கும் பணிகளுக்குமான அந்நியச் செலாவணியே பெரும்பாலும் கடனாகக் கிடைக்கும். உள்நாட்டுச் செலவை வாரியமே ஏற்க வேண்டும். பன்னாட்டு நிறுவனங்களும் பங்குபெறும் வகையில் ஒப்பந்தப் புள்ளிகள் கோரப்பட வேண்டும். பணம் மொத்தமாகத் தரப்படுவதில்லை. வேலை நடக்க நடக்கக் கணக்கைச் சரிபார்த்தே விடுவிக்கப்படும். இவற்றினும் முக்கியமானது மற்றொன்று. கடனை அடைத்து, எதிர்கால விரிவாக்கத்திற்கும் மிச்சம் பிடிக்கும் அளவில் மின்கட்டணம் அமைய வேண்டும். இக்கட்டுப்பாடுகளால் நன்மை விளையாமல் இல்லை. கணக்கு முறை, திட்டமிடும் ஆற்றல், ஊழியர் பயிற்சி ஆகியவற்றில் வாரியம் வலுப்பெற்றது. அதே வேளையில், எந்த இணைப்பு இலாபம் தருமோ அதையே முதலில் நாடும் மனப்பான்மைக்கும் அவை வித்திட்டன.

ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை எழுந்தது. 1963இல் 100 மெகாவாட் ஆற்றல் கொண்ட சுல்தான் யூசுப் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அவ்வாண்டே, அந்நிலையத்தை விட்டு வெளியேறும் நீரை மீண்டும் பயன்படுத்தும் பத்தாங் பாடாங் திட்டத்திற்கு உலக வங்கி 5 கோடியே 19 இலட்சம் டாலர் வழங்கியது. அதன் பயனாக 150 மெகாவாட் ஆற்றலுடைய வோ மின்நிலையம் உருவாயிற்று. அதே 1963இல், புதிதாக அமைந்த சிங்கப்பூர்ப் பொதுப் பயனீட்டுக் கழகமும் பாசிர் பாஞ்சாங் மின்நிலையத்திற்காக 1 கோடியே 50 இலட்சம் டாலர் பெற்றது. தீவகற்பத்தின் மேற்குக் கரையில் தொழிற்பேட்டைகள் பெருகியதற்கு இம்மின்னாற்றல் பேருதவி புரிந்தது என்பதை எவரும் மறுத்தற்கியலாது.

விளக்கடியில் இருள்

ஆயினும், வரலாறு ஒரு பக்கத்தை மட்டும் காட்டி நின்றுவிடுவதில்லை. அணைக்கட்டு அமைந்த கேமரன் மலையிலும், மின்கம்பிகள் கடந்து சென்ற பேராக், சிலாங்கூர்ச் சமவெளிகளிலும் தோட்டங்கள் நிறைந்திருந்தன. அங்கே தேயிலை கிள்ளியவர்களும் பால்மரம் சீவியவர்களும் பெரும்பாலும் தமிழ் மக்களே. உயரழுத்தக் கம்பிகள் தலைக்குமேல் சென்ற அதே காலத்தில், எத்தனையோ தோட்டங்களின் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. 1970களிலும் பல தோட்டங்களில், நிருவாகத்தின் மின்னாக்கி மாலையில் சில மணி நேரம் தரும் வெளிச்சமே வாய்த்தது. அது நின்றபின் பாடம் படிக்க எண்ணிய பிள்ளைகள் மீண்டும் மண்ணெண்ணெய் விளக்கையே நாடினர்.

இதற்குக் காரணம் மின்சாரப் பற்றாக்குறை அன்று. வங்கிக் கடன் மின்னாக்கத்திற்கும் பெருங்கம்பித் தடத்திற்குமே சென்றது. கடைசி வீட்டுக்கு விளக்கேற்றுவது அதன் கணக்கில் இடம்பெறவில்லை. பின்னர் அரசு மேற்கொண்ட கிராமப்புற மின்வசதித் திட்டங்களோ, தோட்டங்கள் தனியார் நிலம் என்ற காரணத்தால் அவற்றின் எல்லையிலேயே பெரும்பாலும் நின்றுவிட்டன. ஆக, வங்கிக்கும் அரசுக்கும் தோட்ட முதலாளிக்கும் இடையே தொழிலாளியின் வீடு இருளில் விடப்பட்டது.

வளர்ச்சியின் பயன் மேலிருந்து தானே கீழே வழியும் என்ற நம்பிக்கை பொய்த்ததை உலக வங்கியும் காலம் தாழ்த்தியே உணர்ந்தது. அதன் தலைவராயிருந்த ராபர்ட்டு மக்னமாரா, 1973இல் நைரோபி மாநகரில் ஆற்றிய உரையில், கிராமப்புற ஏழைகளின் நிலையை உயர்த்துவதே இனித் தலையாய பணி என வலியுறுத்தினார். அதன் பின்னரே கிராமப்புற மின்வசதிக்கும் கடன்கள் பெருகின.

இருளில் விடப்பட்டோர் ஒருபுறமிருக்க, இடம் பெயர்க்கப்பட்டோர் மற்றொருபுறம். கரீபா அணைக்காகத் தோங்கா இன மக்கள் ஏறத்தாழ 57,000 பேர் தம் மண்ணை இழந்தனர். ஆசிய வளர்ச்சி வங்கியின் உதவியுடன் 1985இல் நிறைவுற்ற சரவாக்கின் பத்தாங் ஆய் அணைக்காக, ஏறத்தாழ 3,000 ஈபான் மக்கள் நீள்வீடுகளையும் முன்னோர் நிலங்களையும் நீருக்கு விட்டுக்கொடுத்தனர். இந்தியாவின் நர்மதைத் திட்டத்திற்கு 1985இல் உலக வங்கி வழங்கிய கடன், மக்களின் எதிர்ப்பாலும் தனிக்குழுவின் ஆய்வாலும் 1993இல் இடையிலேயே நின்றது. அதே ஆண்டில், பாதிக்கப்பட்டோர் நேரடியாக முறையிடுவதற்கென ஓர் ஆய்வு மன்றத்தை உலக வங்கி ஏற்படுத்தியது. ஏழையின் குரல் வங்கியின் படியேற அரை நூற்றாண்டு ஆயிற்று.

கேமரன் மலையும் தன் கணக்கை முடித்துவிடவில்லை. காடுகள் அழிக்கப்பட்டுக் காய்கறித் தோட்டங்களும் கட்டடங்களும் பெருகியதால், மழைநீரோடு மண்ணும் சரிந்து ரிங்லெட் நீர்த்தேக்கத்தை வந்தடைந்தது. அரை நூற்றாண்டுக்குள் அதன் கொள்ளளவில் ஏறத்தாழப் பாதியை வண்டல் கவர்ந்துகொண்டது. 2013 அக்டோபர் 23ஆம் நாள் பெருமழையின்போது அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கு வெள்ளத்தில் மூழ்கி உயிர்களும் பலியாயின. கடன் ஒப்பந்தம் அணைக்கு விலை குறித்தது. அணையைச் சூழ்ந்த காட்டிற்கு விலை குறிக்கவில்லை.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை யாது? வளர்ச்சி வங்கிகளைக் கொடை வள்ளல்கள் எனப் போற்றுவதும், கொடுமைக்காரர் எனத் தூற்றுவதும் எளிது. இரண்டும் முழு உண்மை ஆகா. அக்கடன் இல்லாதிருந்தால், இளைய மலாயா மலையைக் குடைந்து ஆற்றைத் திருப்பியிருப்பது அரிது. ஆனால், கடன் அணையைக் கட்டுமேயன்றி நீதியைக் கட்டித் தராது. யாருக்கு முதலில் ஒளி, யாருக்கு இழப்பு என்பதை முடிவு செய்யும் இடத்தில் எளியோரும் அமர்ந்திருத்தல் வேண்டும். இன்று கதிரவனிலிருந்தும் காற்றிலிருந்தும் மின்னாற்றல் பெறும் திட்டங்களுக்கு அவ்வங்கிகள் கடன் வழங்குகின்றன. கருவி மாறினாலும் கேள்வி மாறவில்லை. ஒரு திட்டம் எத்தனை மெகாவாட் தரும் என்று கேட்கும் மாணவர்கள், அது எவர் வீட்டில் விளக்கேற்றும் என்றும் சேர்த்துக் கேட்கப் பழகுவார்களாயின், லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்த தலைமுறைக்கு அதுவே தக்க நன்றிக்கடனாகும்.