மட்டக்களப்பு வாவியின் ஓசை: ஒரு சமூக வரலாற்று நோக்கு

மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேனாடு’ எனப் போற்றுதல் மரபு. கல்லடிப் பாலத்தின் அயலில், நிலவுக் காலத்து இரவுகளில், வாவிநீரினின்றும் எழும் மெல்லிய ஓசையே இம்மரபுக்கு அடிப்படை. அவ்வோசையை எழுப்பும் உயிர் எதுவென்பது உயிரியலார் ஆராய்தற்குரியது. அதனைக் கேட்டோருள் யாருடைய கேள்வி ஏட்டிலேறிற்று என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

1848 செப்டெம்பரில், குடியேற்ற ஆட்சியின் செயலாளராயிருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ற் இவ்வாவியிற் படகேறி அவ்வோசையைக் கேட்டார்; 1859இல் வெளிவந்த தமது நூலில் அதனைப் பதிவு செய்தார். படகின் மரத்திற் செவியைப் பொருத்தியபோது ஓசை மிகுந்ததென்பது அவர் கூற்று. நீரிலெழும் ஒலியின் பெரும்பகுதி நீர்ப்பரப்பிலேயே திரும்பிவிடும். மரமோ அதனை நேரே செவிக்குக் கடத்தும். துடுப்பை நீரில் நிறுத்தி அதன் மறுமுனையிற் காதுவைத்துக் கேட்கும் வழக்கத்தின் நியாயமும் இதுவே.

அந்நூலில் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது மீனவர் அளித்த விடையாகும். தம் தந்தையர் காலந்தொட்டே அறிந்த ஓசை அது. வரட்சிக் காலத்திற் கேட்கும். மழைவெள்ளம் வாவியிற் புகுந்ததும் அடங்கும். மீனன்று, ஊரியே அதனை எழுப்புகின்றது என்றனர். உவர்நீரும் நன்னீரும் மாறிமாறி ஆளும் வாவியில், அம்மாற்றத்தை அறியாதார்க்குத் தொழிலில்லை. உழைப்பிற் பிறந்த அறிவு இது. எனினும் நூலில் டெனன்றின் பெயர் நின்றது. விடையளித்தோர் ‘மீனவர்’ என்னும் பொதுப்பெயரில் மறைந்தனர்.

கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய விபுலாநந்தர், இவ்வோசையை நீரரமகளிரின் இன்னிசையாகக் கண்டு பாடினார். ‘யாழ் நூல்’ (1947) ஆசிரியரின் செவி அதிற் சுரங்களைத் தேடியது இயல்பே. அந்நியர் வியந்த புதுமை அவரால் தமிழிசை மரபின் உரிமைப் பொருளாயிற்று. அது பண்பாட்டு விடுதலையின் ஒரு படி. ஆயினும் வியப்பின் இடத்தில் அழகு அமர்ந்ததேயன்றி உழைப்பு அமரவில்லை. கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடலும் இந்நிலத்தின் ஓசையே. மீனின் பாட்டுக்குக் கிடைத்த புகழ், மீன்பிடிப்போரின் பாட்டுக்குக் கிட்டவில்லை.

போரும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் இக்கரையை உலுக்கின. 2013இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. இன்று ஒலிக்கலைஞர் நீரடி ஒலிவாங்கியுடன் இத்தகைய வாவிகளை நாடுகின்றனர்; நாம் அதனை வரவேற்கின்றோம். ஆனால் நீருக்கடியிலுள்ள ஒலியை மட்டும் பதிந்து, நீர்மேல் உழைப்போரின் குரலை இரைச்சலென ஒதுக்குவார்களாயின், 1859இன் தவறே புதிய கருவியால் மீளச் செய்யப்படும். வாவியின் முழு ஓசையில் மீனவர் குரலும் அடங்கும். அதனைப் பெயர் சுட்டிப் பதிதல் ஆய்வாளர் கடனாகும்.