வறண்ட மாதத்திலிருந்து கரிமக் கணக்குக்கு: புதுச்சேரிக் காட்டாய்வின் ஒரு தடம்

புதுச்சேரி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. 1955 மார்ச் 21 அன்று பிரெஞ்சு நிறுவனம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் ழான் ஃபில்லியோசா, இந்தியவியல் அறிஞர். அதனாலோ என்னவோ, செயின்ட் லூயி தெருவில் உள்ள அந்தக் கட்டடம் என்றாலே ஓலைச்சுவடியும் சைவ ஆகமமும்தான் நினைவுக்கு வரும். அதே கூரையின் கீழ் மரத்தையும் மகரந்தத்தையும் மழையையும் அளந்தவர்கள் இருந்தார்கள். வேறு நோக்கத்துக்காக அவர்கள் எடுத்த அளவுகள் புவி வெப்பத்தைக் கட்டுக்குள் வைக்கும் ஆய்வுக்குப் பயன்பட்ட வரலாறே இங்கு பேசப்படுகிறது.

தொடக்கம் வரைபடத்தில். துலூஸ் நகரத் தாவரவியலாளர் ஆன்ரி கோசென், லெக்ரி, வியார் ஆகியோருடன் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஒத்துழைப்பில் தாவர வரைபடங்களைத் தயாரித்தார். ஒரு செ.மீ.க்குப் பத்து கி.மீ. என்ற அளவில் அமைந்த வரிசையின் கன்னியாகுமரித் தாள் 1961இல் வெளிவந்தது. எந்தக் காடு எங்கே நிற்கும் என்பதை விளக்க, 1953இல் பாஞூலுடன் சேர்ந்து கோசென் முன்வைத்த எளிய விதி ஒன்று கைகொடுத்தது: ஒரு மாதத்தின் மழை (மி.மீ.), அம்மாதச் சராசரி வெப்பத்தின் (செல்சியஸ்) இரு மடங்குக்குக் கீழே போனால் அது வறண்ட மாதம். சராசரி 30 டிகிரி என்றால் 60 மி.மீ. மழையாவது வேண்டும்.

இந்த விதியை இன்று படிக்கும்போது ஒன்று கண்ணில் படுகிறது. மழை ஒரு துளியும் குறையாமலே ஒரு மாதம் வறண்டதாகிவிடலாம். வெப்பம் கூடினால் போதும். ஒன்றரை டிகிரிக்கு எல்லை 3 மி.மீ. உயரும். சிறிய எண்தான். ஆனால் வெப்பத்தை வறட்சியின் உறுப்பாகவே வைத்த கணக்கு இது. கோசென் புவி வெப்பத்தை மனதில் வைத்து இதை எழுதவில்லை.

நிறுவனத்தின் மெஹர்-ஹோம்ஜி அடுத்த அடியை வைத்தார். காடு அழிந்த பகுதிகளில் மழையும் மழை நாட்களும் குறைகின்றனவா என்று மேற்குக் கர்நாடக நிலையங்களின் பதிவுகளைக் கொண்டு ஆராய்ந்து, 1980இல் அப்படியொரு போக்கு இருப்பதாக எழுதினார். காட்டுக்கும் மழைக்குமான உறவு எவ்வளவு என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. என் பார்வையில் அவருடைய முடிவைவிட, அவர் கேள்வியைத் திருப்பிப் போட்டதே பெரிது: காலநிலை காட்டை ஆள்கிறது என்ற நிலை மாறி, காடும் காலநிலையைத் தொடுகிறது என்றாயிற்று.

காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவான ஐபிசிசி 1988இல் பிறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, குடகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 மி.மீ. மழை பெறும் உப்பங்களா பசுமைமாறாக் காட்டில் நிறுவனம் நிரந்தர ஆய்வுப் பரப்பைத் தொடங்கியது. சுற்றளவு 30 செ.மீ.க்கு மேற்பட்ட மரங்கள் ஒவ்வொன்றும் இலக்கமிடப்பட்டு, மீண்டும் மீண்டும் அளக்கப்பட்டன. சில மரங்களைச் சுற்றி உலோகப் பட்டை பூட்டி, சுருள்வில்லின் இழுப்பில் அது எவ்வளவு நகர்கிறது என்று மாதந்தோறும் பார்த்தார்கள். சலிப்பூட்டும் வேலை, சூட்சுமமானதும்கூட. வறட்சியில் மரப்பட்டை சுருங்கும், மழையில் ஊறிப் பருக்கும். அதைக் கழித்த பிறகுதான் மரம் உண்மையில் பருத்ததா என்று சொல்ல முடியும்.

அந்தச் சுற்றளவுதான் பின்னர் கரிமமாக மாறியது. சுற்றளவிலிருந்தும் கட்டை அடர்த்தியிலிருந்தும் மரத்தின் உலர் எடை. அதில் ஏறத்தாழ பாதி கரிமம். 2012இல் ஆய்வாளர் ப்ளோத்தோன் குழுவினர் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் எடையை, கூகுள் எர்த் படங்களில் தெரியும் மரக்கூரையின் இழையமைப்பைக் கொண்டே மதிப்பிடலாம் என்று காட்டினார்கள். தரையில் நாடா பிடித்தவர்களின் அளவு இல்லாவிட்டால் வானிலிருந்து எடுத்த படம் வெறும் பச்சைதான்.

2018 அக்டோபரில் வந்த ஐபிசிசி அறிக்கை, வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்த வேண்டுமானால் 2030க்குள் கரியமில வாயு வெளியேற்றம் 2010ஆம் ஆண்டு அளவிலிருந்து ஏறக்குறைய 45 சதவீதம் குறைய வேண்டும், 2050 வாக்கில் நிகரப் பூச்சியமாக வேண்டும் என்றது. அதன் 1.5 டிகிரிப் பாதைகள் எல்லாமே காற்றிலிருந்து கரியமில வாயுவை ஓரளவு திரும்ப எடுப்பதையும் நம்பியிருந்தன. காடு அதற்கு ஒரு வழி. காட்டைக் காட்டிப் புகைபோக்கிக்கு விலக்குக் கேட்பதை மட்டும் இந்தக் கணக்கு அனுமதிக்காது.

நகரத்துக்கு வந்தால் கணக்கு கடினமாகிறது. புதுச்சேரிக் கடற்கரை மணலை இழந்ததற்கு முதன்மைக் காரணம், 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள்; வடக்கு நோக்கி நகரும் மணலை அவை மறித்தன. கடல்மட்ட உயர்வின் மீது பழியைப் போடுவது வசதியானது, சரியானதல்ல. மழை விஷயத்திலும் அதே எச்சரிக்கை வேண்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது நகரில் ஒரு நாளில் 46 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. ஒரு டிகிரிக்குக் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். இந்த விகிதத்தை மட்டும் வைத்து மோட்டாகக் கணக்கிட்டால், ஒரு டிகிரி வெப்ப உயர்வு சேர்த்தது சுமார் 3 செ.மீ.; புயலின் இயக்கம் அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும். மீதி 43 செ.மீ. மட்டும் பெய்திருந்தாலும், சற்றுப் பலத்த மழைக்கே தண்ணீர் கட்டிக்கொள்ளும் இந்திரா காந்தி சதுக்கத்தையும் அதையொட்டிய நெல்லித்தோப்பையும் நம் வாய்க்கால்கள் காப்பாற்றியிருக்காது.